வாங்கிப் போட்ட பெயர்

மனை வாங்கிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயர் வாங்கிப் போட்ட மனுஷனை என் வீட்டில்தான் பார்த்தேன். மீன்பிடித் தடைக்காலத்தில் வேலையில்லாமல் போனை நோண்டிக்கொண்டு கிடந்த என் வீட்டுக்காரர், ஒருநாள் சாப்பிடும்போது, நம்ம கருவாட்டுக்கு வெப்சைட் பெயர் வாங்கிவிட்டேன் என்றார். வருஷத்துக்கு ஒரு தடவை பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டுமாம். கடலும் கருவாடும் சேர்ந்த சின்னப் பெயர். ஜெகதாப்பட்டினம் என்று எங்கள் ஊர்ப்பெயரை இங்கிலீஷில் எழுதச் சொன்னால் ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள். இது அப்படியில்லை, ஒரு தடவை காதில் விழுந்தால் யாரும் தப்பில்லாமல் அடித்துவிடலாம் என்றார். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், பேரையா சோத்துல போட்டுத் திங்கிறது என்று கேட்டு வைத்தேன்.

அவர் ஏற்கெனவே ஒரு தடவை கடலில் பிடிபட்டு, அக்கரையில் இலங்கைச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். மறுபடி பிடிபட்டால் லேசில் விடமாட்டார்கள் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கருவாட்டு வியாபாரம் காலூன்றிவிட்டால் அவர் போட்டில் ஏற வேண்டாம். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். வெப்சைட்டாவது மண்ணாங்கட்டியாவது, என் புருஷன் தரையில் இருக்க வேண்டும்.

அந்தத் தடைக்காலம் முழுக்க மாடாய் உழைத்தோம். நாட்டுப்படகுக்காரர்களிடம் வாங்கிய நெத்திலி, வாளை, சென்னாக்குன்னி எல்லாவற்றையும் மண் ஒட்டாமல் உயரத்தில் வலை கட்டிக் காயவைத்தோம். அவர் பிளாஸ்டிக் கவர் அச்சடித்து வந்தார். கவரின் முன்பக்கத்தில் அந்த வெப்சைட் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று யார் போனாலும் ருசி பார்க்க நாலு பொட்டலம் கொடுத்தனுப்பினோம். கூரியர்க்காரன் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னும் ரெண்டு கவர் சுற்றிக்கொண்டு வாங்க என்று திருப்பி அனுப்பினான். வெப்சைட் இன்னும் தயாராகவில்லை. பஜாரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் அக்கா செய்து தருவதாகச் சொல்லியிருந்தார்.

தடைக்காலம் முடிந்தது. கையில் இருந்ததெல்லாம் கவரிலும் கருவாட்டிலும் போய்விட்டது. ஒரு நடை மட்டும் போய்வந்துவிடுகிறேன், அந்தக் காசில் கடையைத் திறந்துவிடலாம் என்றார். நான் மறித்தேன், அழுதேன். போனார். அந்த நடையிலேயே போட்டோடு பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவருடைய போனும் அதோடு போயிற்று.

அதற்குப் பிறகுதான் நாங்கள் கொடுத்தனுப்பிய பொட்டலம் வேலை செய்ய ஆரம்பித்தது. தின்றவர்கள் கேட்டார்கள். கவரில் போட்டிருக்கிற பெயரை அடித்தால் ஒன்றும் வரவில்லையே என்று யார் யாரோ சொல்லியனுப்பினார்கள். அழுதுகொண்டே கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடினேன். அக்கா இரண்டொரு நாளில் படமெல்லாம் போட்டு வெப்சைட்டைத் தயார் செய்துவிட்டார். ஆனால் அதை அந்தப் பெயரோடு சேர்க்க, பெயர் வாங்கிய கணக்கைத் திறக்க வேண்டுமாம். அதற்குப் பாஸ்வேர்டு வேண்டும், இல்லாவிட்டால் அவர் நம்பருக்கு வரும் ஓடிபி வேண்டும். பாஸ்வேர்டு அவர் மனசில் இருந்தது. ஓடிபி போகிற போன் எங்கே இருந்ததோ கடவுளுக்குத்தான் வெளிச்சம். அதே நம்பரில் வேறு சிம் கேட்டால், ஆள் நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும் என்றார்கள்.

பெயர் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டோம். உரிமையாளர் பேச வேண்டும் என்றாள் ஒரு பெண். உரிமையாளர் சிறையில் இருக்கிறார், நான் அவர் பெண்டாட்டி என்றேன். வருந்துகிறோம் மேடம் என்றாள். நீ வருந்தி எனக்கு என்ன ஆகப்போகிறது என்று கத்தியதில் சென்டரில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த தடைக்காலத்துக்குள் பணம் கட்டாவிட்டால் பெயர் கையை விட்டுப் போய்விடும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அக்கா சொன்னார். நம் காசில் வாங்கிய பொருள், நம் கண் முன்னால் இருக்கிறது, தொட முடியவில்லை.

மாதக்கணக்கில் ஆன பிறகு ஒரு போன் வந்தது. அவர்களைக் கோர்ட்டுக்குக் கூட்டி வந்த இடத்தில், யாரோ ஒரு வக்கீல் இரக்கப்பட்டுத் தன் போனைக் கொடுத்திருக்கிறார். குரல் அவருடையதுதான். நல்லா இருக்கேன், சாப்பாடு பரவாயில்லை, கடை ஓடுதா என்றார். பாஸ்வேர்டு என்னங்க என்றேன்.

"ஒம் பேருதான் புள்ள. அதுக்குப் பின்னால ஒன்னு, ரெண்டு, மூனு."

அதற்குள் அங்கிட்டு யாரோ போனை வாங்கிவிட்டார்கள்.

என் பெயரா என்று எனக்கு ஒரு நிமிஷம் பூரித்துப் போயிற்று, பொய் சொல்லுவானேன். சென்டருக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் வினை தெரிந்தது. என் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. ஆதாரில் அதற்கு எல் போட்டிருக்கிறார்கள். ரேஷன் கார்டில் இசட் எச். பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டில் அது போதாதென்று நடுவில் ஒரு ஏ கூடுதலாக நிற்கிறது. அவர் எப்படி எழுதுவார்? இத்தனை வருஷம் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தி, என் பெயரை என் புருஷன் எப்படி எழுதுவார் என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா ஒவ்வொன்றாக அடித்தார். பெரிய எழுத்தில், சின்ன எழுத்தில். ஒவ்வொரு தடவையும் சிவப்பில் தப்பு என்று வந்தது. நான் வேண்டாத சாமி இல்லை. கடைசியில் கணக்கையே பூட்டிவிட்டது. இனி ஓடிபி இல்லாமல் முடியாது என்று அக்கா மவுசிலிருந்து கையை எடுத்தார்.

வேறு வழியில்லாமல் வேறொரு பெயரை வாங்கி வெப்சைட்டைத் திறந்தோம். சின்னப் பெயரெல்லாம் யார் யாரோ எடுத்து வைத்திருந்தார்கள். கிடைத்தது நீளமாக இருந்தது, நடுவில் ஒரு கோடு வேறு. போனில் கேட்கிறவர்களுக்கு அதைச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். பாதிப் பேர், அப்புறம் பார்க்கிறேங்க என்று வைத்துவிடுவார்கள். மிச்சக் கவர்களில் புதுப் பெயரை ஸ்டிக்கராக ஒட்டினேன். கடற்காற்று ஈரத்தில் ஸ்டிக்கர் உரிந்து, அடியில் பழைய பெயர் தெரியும். மறுபடி ஒட்டுவேன்.

தடைக்காலம் வந்தது. பழைய பெயர் போனது. அக்கா தினமும் பார்த்து, கைக்கு வந்ததும் வாங்கிவிடலாம் என்றுதான் காத்திருந்தார். அதற்குள் எங்கேயோ இருக்கிற எவனோ தூக்கிவிட்டான். அடித்தால், இந்தப் பெயர் விற்பனைக்கு என்று வந்தது. அவன் சொன்ன விலைக்கு ஒரு போட்டுக்கு இன்ஜின் வாங்கலாம். கருவாடு என்றால் என்னவென்று தெரியாதவனாக இருப்பான். அவன் குடும்பம் நாசமாகப் போக என்று வாய்விட்டே சபித்தேன்.

அதற்குப் பிறகு அவரை விட்டார்கள். பாதி ஆளாக வந்து சேர்ந்தார். வந்தவர் முதலில் அதே நம்பரில் புது சிம் வாங்கினார். அடுத்ததாக என்னைக் கூட்டிக்கொண்டு சென்டருக்குப் போனார். பெயர் பறிபோன கதையை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓடிபி வந்து பூட்டு விட்டது. பாஸ்வேர்டு கேட்டது. ஒற்றை விரலால் அடித்தார். பி, யூ, எல், எல், ஏ. புள்ள. பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று. கணக்கு திறந்துகொண்டது.

"இதா எம் பேரு?"

"பின்ன? ஒன்னய நான் வேற என்ன சொல்லிக் கூப்புட்டுருக்கேன்?"

உண்மைதான். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் என் பெயர் வந்ததில்லை. அவர் பெயரை நானும் சொன்னதில்லை. சென்டர் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அந்த மனுஷனை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. அவர் அந்தப் பக்கத்தை மேலேயும் கீழேயும் தள்ளிப் பார்த்தார். உள்ள ஒன்னுமே இல்லையே புள்ள என்றார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

புதுக் கடை செத்துப்போகவில்லை, இழுத்துக்கொண்டு கிடந்தது. அதை நம்பி அடுப்பு எரியாது. அவர் மறுபடி கடலுக்குக் கிளம்பினார். காலைப் பிடித்துக் கெஞ்சினேன். வேறு என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்டார். போட்டுக்குப் போகும் காலையில், வாசலில் நின்று தன் போனை என்னிடம் நீட்டினார். கரை பக்கம் வரும்போது டவர் கிடைக்கும், ஒரு வார்த்தை பேசலாம், கொண்டுபோங்க என்றேன்.

"வேணாம், இது ஒங்கிட்டயே இருக்கட்டும். பேங்குக்கோ எதுக்கோ ஓடிபி வந்தா நீயே பாத்து அடிச்சுக்க. போன தடவ மாதிரி கெடந்து அலையாத."

இந்தத் தடவையும் பிடிபடுவதற்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் என் புருஷன் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. போனை வாங்கி வைத்துக்கொண்டேன்.