மிஹ்லாரின் வலது தோள்

கல்முனை மெயின் வீதியில் இப்றாஹிம் ஹாஜியாரின் ஹோட்டலில் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு உட்கார இடம் கிடையாது. தொட்டுக்கொள்ளும் ஆணக் குழம்புக்காக யாரும் வருவதில்லை. ஆணம் எல்லாக் கடையிலும் ஒன்றுதான். சனம் வருவது சாய்ந்தமருது மிஹ்லாரின் பராட்டாவுக்கு. எண்ணெயில் ஊறிய மா உருண்டையைத் தட்டி, இரண்டு கையாலும் எடுத்து, தலைக்கு மேலே ஒரு வீச்சு வீசி மேசையில் அடித்தானென்றால், அடியில் கிடக்கும் பேப்பரை வாசிக்கிற அளவுக்கு அது மெலிந்து விரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஊரில் அவனுக்கென்று ஒரு பெயர் இருந்தது அந்த றொட்டிக் கல்லுக்கு முன்னால்தான்.

அந்தப் பெயருக்குள் ஒரு ஓட்டையும் இருந்தது. அவனுடைய வலது தோள் கழன்று விழும்.

முதன்முதல் கழன்றது இருபது வயதில், கடற்கரை மைதானத்தில் பந்தைப் பிடிக்கப் பாய்ந்தபோது. ஆஸ்பத்திரியில் தோளை இடத்தில் வைத்து, கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டும் பட்டி போட்டு, மூன்று கிழமைக்கு, இருபத்தொரு நாளைக்கு, கழற்றக் கூடாது, பிறகு பயிற்சிக்கு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பெருநாள் நெருங்கிய நேரம், கடையில் சனம். ஐந்தாம் நாள் பட்டியைக் கழற்றி வீசிவிட்டு றொட்டிக் கல்லுக்கு முன்னால் வந்து நின்றான். நோவு இல்லை, சுகம் என்று நினைத்தான். பயிற்சிக்கும் போகவில்லை.

நாலு மாதத்தில் மறுபடி கழன்றது. அதற்குப் பிறகு அது ஒரு பழக்கமாகவே போய்விட்டது. சேட்டுப் போடும்போது கழன்றது. மேல்தட்டிலிருந்து மா மூட்டையை இறக்கும்போது கழன்றது. ஒருமுறை தும்மியபோதும் கழன்றது. பதினொரு வருடத்தில் பதினாலு தடவை. கழன்றால் குசினிக்குப் பின்னால் போய்க் குனிந்து கையைத் தொங்கப் போடுவான். பாண்டிருப்பிலிருந்து வந்து ஆணம் சமைக்கும் தங்கராசா மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக இழுப்பார். டக்கென்று ஏறும்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா நாலு மணித்தியாலம். நமக்கு ஒரு பிளேன்டி குடிக்கிற நேரம்" என்று மிஹ்லார் பெருமை அடிப்பான்.

"ஓம், ஓம். ஒரு நாளைக்கு என்ட கையோட வரப்போகுது. ஆணத்துக்குள்ள போட்டுடுவன்" என்பார் தங்கராசா.

இந்த விசயம் ஹாஜியாருக்குத் தெரியாது. தெரிந்தால் கல்லுக்குக் கிட்ட விடமாட்டார் என்பது மிஹ்லாருக்கு நன்றாகத் தெரியும்.

போன நோன்புப் பெருநாள் தொழுகை கடற்கரைத் திடலில் நடந்தது. பெருநாள் தொழுகையில் முதல் றக்அத்துச் சுற்றுக்கு 'அல்லாஹு அக்பர்' என்ற தக்பீர் ஏழு, இரண்டாவதற்கு ஐந்து. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கையையும் தோளளவுக்கு உயர்த்தி நெஞ்சில் கட்ட வேண்டும். வழமையாக மிஹ்லார் கூட்டத்துக்குள் கடைசி ஸப்பு வரிசையில் நின்று, வலது கையை நெஞ்சு மட்டத்தில் ஆட்டிச் சமாளித்துவிடுவான். அன்று பிந்தி வந்த ஹாஜியார் அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முதலாளி பக்கத்தில் நிற்கும்போது அரைக்கை தூக்கினால் என்ன நினைப்பார்? முழுதாகத் தூக்கினான். ஐந்தாவது தக்பீரில் கழன்றுவிட்டது.

வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு நின்றான். ஒற்றைக் கையை மண்ணில் ஊன்றி, நெற்றியை வைத்து ஸுஜூது செய்தான். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும்போது புதுச் சேட்டு வியர்வையில் முதுகோடு ஒட்டிவிட்டது. ஹாஜியார் திரும்பிப் பார்த்தார். தோளின் உருண்டையைக் காணவில்லை. சேட்டுக்குள் எலும்பின் ஒரு மூலைதான் தள்ளிக்கொண்டு நின்றது.

"என்னடா இது?"

"ஒண்டுமில்ல ஹாஜியார், கொஞ்சம் கழண்டிட்டு. மாட்டிடுவன்."

"மாட்டிடுவியா? இது என்ன சேட்டுப் பொத்தானா?"

ஹாஜியாரே ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பெருநாள் சாப்பாடு இரண்டு பேருக்கும் பின்னேரம்தான். பதினாலு தடவைக் கதை முழுவதும் அங்கேதான் அவர் காதில் விழுந்தது. மூன்றாம் நாள் கடையில் சொன்னார்: "கல்லுக்கிட்ட நீ வராத. கொதிக்கிற எண்ணெயில கை கழண்டு விழுந்தா உன்ட பொஞ்சாதி றஸ்னாக்கு நான் என்னத்தச் சொல்ற? காசு மேசையில இரி."

கல்லுக்குச் சம்மாந்துறையிலிருந்து அஸ்பாக் என்றொருவன் வந்தான். மிஹ்லார் காசு மேசையில் இருந்துகொண்டு, வேறொருவன் கை மா வீசுவதைப் பார்த்தான். பெரிய நோவு அதுதான்.

கிளினிக்குக்குப் போகச் சொல்லி நின்றவள் பொஞ்சாதி றஸ்னா. "இஞ்சருங்க, கல்லு வேணுமா வேணாமா? வேணுமெண்டாப் போங்க" என்றாள்.

எலும்பு டொக்டர் மேனுஜா சின்ன வயதுப் பெண். மிஹ்லார் தன் பதினாலு தடவையையும், இழுத்து மாட்டும் வித்தையையும் விளக்கிச் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மேசையில் கோப்பைக்கு அடியிலிருந்த பீங்கான் தட்டை எடுத்து, அதன்மேல் தேநீருக்குப் பிழிய வைத்திருந்த ஒரு தேசிக்காயை வைத்தார்.

"இதுதான் உங்கட தோள். இடுப்பு மூட்டெண்டா சிரட்டைக்குள்ள உருண்டை இருக்கிற மாதிரி, ஆழம். தோள் அப்பிடியில்ல, சின்னப் பீங்கான்ல பெரிய உருண்டை. அதாலதான் கை எல்லாப் பக்கமும் சுழலுது. உருண்டை விழாமப் பிடிக்கிறது பீங்கானச் சுத்தி இருக்கிற சவ்வு விளிம்பு. முதல் தடவையே அது கிழிஞ்சிட்டு. சின்ன வயசில கிழிஞ்சா அநேகமாத் திரும்பத் திரும்பக் கழரும்."

"அப்ப நான் மாட்டினது?"

"ஒவ்வொரு தடவையும் உருண்டை பீங்கான்ட முன்பக்கத்தத் தேய்ச்சிக்கொண்டுதான் போய் வந்திருக்கு." ஸ்கேன் படத்தைக் காட்டினார். பீங்கானின் முன்பக்கம் நாலில் ஒரு பங்கு இல்லை. பிறகு பஞ்சால் தோளின் வெளிப்பக்கத்தைத் தொட்டார். "தெரியுதா?"

"இல்ல."

"நரம்பு இழுபட்டிருக்கு. உங்கட நல்ல காலம், இவ்வளவோட நிண்டது. வீட்டில இழுக்கிறது கெட்டித்தனம் இல்ல."

மிஹ்லார் தேசிக்காயையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினொரு வருடம் பெருமையாகச் சொல்லித் திரிந்த கதை அந்தப் பீங்கானில் உருண்டுகொண்டிருந்தது.

சிலருக்குப் பயிற்சி மட்டுமே போதும் என்றார் டொக்டர். இவனுக்கு எலும்பு தேய்ந்ததால் போதாது. பக்கத்து எலும்பில் ஒரு துண்டை எடுத்துத் தேய்ந்த இடத்தில் வைத்து ஆணி இறுக்க வேண்டும். ஒபரேசனுக்குப் பெயர் கொடுத்தான். ஒரு நோயாளி வராமல் போனதால் ஆறாம் கிழமையே இடம் கிடைத்தது. ஒபரேசன் நல்லபடி முடிந்தது. மறுபடி பட்டி.

பட்டி போட்ட நாலாம் கிழமை ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. கை உயர்த்துவது கடமை இல்லை, சுன்னத்துத்தான், உயர்த்தாவிட்டாலும் தொழுகை நிறைவேறும் என்று மௌலவி சொல்லியிருந்தார். மிஹ்லார் முன் ஸப்பில் போய் நின்றான். பன்னிரண்டு தக்பீருக்கும் இடது கையை மட்டும் உயர்த்தினான். "பட்டியைக் கொஞ்சம் கழட்டினா என்ன?" என்று தொழுகை முடிந்து ஒருவர் கேட்டார். "முந்தி ஒருக்காக் கழட்டினன். பதினொரு வருசம் போச்சு" என்றான்.

பிறகு பயிற்சி. சுவரில் விரலால் ஏறுவது, யன்னல் கம்பியில் கட்டிய றப்பரை இழுப்பது, நாளுக்கு மூன்று தடவை. ஐந்தாம் நாள் பட்டியை வீசிய மனிதன், ஐந்து மாதம் ஒரு வேளை தவறவில்லை. கடைக்குப் பின்னாலும் செய்வான்.

"என்ன, சுவரோட என்ன கதை?" என்று தங்கராசா கேட்பார்.

"உங்கள விட நல்ல கதை சொல்லுது."

கடைசியில் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் மிஸ், அவன் பராட்டா வீசுவதைச் செய்து காட்டச் சொன்னார். மாவுக்குப் பதிலாகக் கையில் ஒரு துவாயைக் கொடுத்தார். கிளினிக் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க அவன் மெதுவாக வீசினான். மிஸ் பாதியிலேயே கையைப் பிடித்து நிறுத்தினார். "இதுதான் இடம். முழங்கை தலைக்குப் பின்னால போகுது. தோள் கழர்றதுக்கு இதவிட வசதியான இடமில்ல. முழங்கை தோளுக்குக் கீழ, உடம்புக்கு முன்னால நிக்கணும். உங்கட மேசை உயரமா?"

மேசை உயரந்தான். அளந்து பார்த்தால் அவனுடைய இடுப்புக்கு மேல் ஒரு சாண். பதினொரு வருடத்துக்கு மேலாக எம்பி எம்பி அடித்திருக்கிறான்.

ஆறாம் மாதம் டொக்டர் வேலைக்கு விட்டார். மிஹ்லார் ஹாஜியாரிடம் போனான். கெஞ்சப் போகவில்லை.

"கல்லுக்கு வாறன் ஹாஜியார். ஆனா மா அடிக்கிற மேசைக் கால நாலு விரல் வெட்டணும்."

"முப்பது வருசமா இந்த மேசை. ஒருத்தனும் கேக்கல்ல."

"கேக்காம நிண்டவங்கட தோள் என்னாச்சுண்டு ஆருக்குத் தெரியும்?"

ஹாஜியார் அஸ்பாக்கைப் பார்த்தார். அவன் உருண்டையை வைத்துவிட்டுத் தன் தோளைத் தடவினான். "வெட்டுங்க ஹாஜியார். எனக்கும் ரெண்டு மாசமா நோகுது."

"அப்ப ஏன்டா நீ வாய் திறக்கல்ல?"

"புதுசா வந்தவன் மேசை வெட்டச் சொல்ற எப்பிடி?"

தங்கராசா மரம் அறுக்கும் வாள் கொண்டு வந்தார். நாலு காலும் வெட்டினார்கள். அன்று வெள்ளிக்கிழமை. அஸ்பாக் கொத்து றொட்டி போடப் போனான், மிஹ்லார் மேசைக்கு வந்தான். வீச்சு முந்தி மாதிரி தலைக்கு மேல் போகவில்லை. நெஞ்சுக்கு முன்னால், குட்டையாக, அடுத்தடுத்து அடித்தான். இரவு இஷா தொழுகைக்குள் நூற்றுமுப்பது பராட்டா. தோள் அசையவில்லை.

பழைய வாடிக்கையாளர் ஒருவர் தட்டைப் பார்த்து முகம் சுளித்தார். "என்ன மிஹ்லார், பராட்டா சுருங்கிப்போச்சு?"

மிஹ்லார் வாயைத் திறக்கு முன் ஹாஜியார் காசு மேசையிலிருந்து குரல் கொடுத்தார். "அந்தக் கைக்குள்ள ரெண்டு ஆணி இரிக்கி. உங்கட கைக்குள்ளயும் ஆணிய வச்சி ஒரு பராட்டா போட்டுக் காட்டுங்க பாப்பம். சத்தம் போடாம தின்னுங்க."

மனிதர் தின்றார். இன்னும் இரண்டு கேட்டார்.

அடுத்த நாள் காலையில் ஹாஜியார், மிஹ்லார் விட்டுவந்த காசு மேசைக்கு வேறு ஆள் தேடத் தொடங்கினார்.