மரியதாஸ் அண்ணையின் வலது கை

போன சனிக்கிழமை காலையில் பிலோமினா அக்கா போன் எடுத்தார்.

"தங்கச்சி, ஒருக்கா வந்திட்டுப் போறியோ? இந்த மனுசன் வீட்டை விட்டு வெளியில போறாரில்லை. திங்கக்கிழமை வேலைக்குப் போகவேணும். போகாட்டி இடம் போயிடும்."

"நான் வந்து என்ன செய்யிறது அக்கா?"

"நீ கதைச்சா கேப்பார். நீ பேப்பரில எழுதிறனி எண்டு உன்னில ஒரு மரியாதை இருக்கு."

இத்தனை வருடம் எழுதி நான் சம்பாதித்த மரியாதை அநேகமாக அது ஒன்றுதான். அதையும் ஏன் வீணாக்கவேண்டும் என்று, நான் இருக்கிற பீலெஃபெல்ட் நகரில் ரயில் ஏறினேன்.

எந்த ஊருக்கு என்று சொல்லப்போவதில்லை. பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். இந்த வாரம் சிரிக்கவும் ஒன்றுமில்லை... சிரிக்க வந்தவர்கள் அடுத்த பக்கத்துச் சமையல் குறிப்புக்குப் போகலாம். கோபிக்க மாட்டேன்.

மரியதாஸ் அண்ணை மன்னார்க்காரர். ஐம்பது தாண்டியவர். ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் விடியற்காலை ஷிஃப்ட். ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவர். பனி கொட்டும் நாளிலும் சிவப்பு விளக்கு பச்சையாகும்வரை ஆளில்லாத தெருவோரத்தில் காத்து நிற்பவர். ஜேர்மன்காரரே அவரைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்படவேண்டும் — அப்படி ஒரு சட்டம் மதிக்கிற ஆள்.

அந்தச் சட்டம் மதிக்கிற குணம்தான் அவரை விழுத்தியது.

கோடை தொடங்கியிருந்த நேரம். அவர்கள் இருக்கிற மாடிக் கட்டடத்தில், மேல் வீட்டில் ஒருவன் கத்தியோடு கதவைப் பூட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். பெண்சாதியோடு சண்டை. பொலிஸ் வந்தது. பிறகு முகத்தை மூடிய சிறப்புப் படையும் வந்தது. முன் தெருவை மறித்துவிட்டார்கள். யாரையும் உள்ளே விடவில்லை.

மரியதாஸ் அண்ணை வேலை முடிந்து சைக்கிளில் பின் ஒழுங்கையால் வந்தார். சைக்கிளை வாசலில் விடக்கூடாது, நிலவறையில்தான் வைக்கவேண்டும் என்பது கட்டடத்தின் விதி. மற்ற வீட்டுக்காரர் எல்லோரும் வாசலில்தான் விடுகிறார்கள். இவர் மட்டும் ஒவ்வொரு நாளும் நிலவறைக்குள் இறக்கி, பூட்டி, உள்படியால் ஏறி வருவார். பின்பக்கத்தை மறிக்கவேண்டும் என்று அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை.

நிலவறைக்குள் ஒரு சத்தமும் கேட்காது. படியேறிக் கதவைத் திறந்திருக்கிறார். முன்னால் கறுப்பு உடுப்போடு மூன்று பேர்.

"பொலிஸ். கையை உயர்த்து" என்று ஜேர்மனில் கத்தியிருக்கிறார்கள்.

"உங்களுக்கு விளங்கேல்லையோ அண்ணை?" என்று பிறகு ஆஸ்பத்திரியில் வைத்துக் கேட்டேன்.

"விளங்கினது தங்கச்சி. விளங்காம என்ன, இருபது வருசமா இஞ்ச இருக்கிறன். ஆனா கை அதுக்கு முதலே போயிட்டுது."

கை எங்கே போனது? ஜாக்கெட்டுக்குள், சட்டையின் இடப்பக்கப் பைக்கு. அங்கேதான் அவருடைய ஆவுஸ்வைஸ் இருந்தது. நாங்கள் ஊரில் ஐசி என்று சொன்ன அதே அடையாள அட்டையின் ஜேர்மன் அவதாரம்.

சண்டைக் காலத்தில் இலங்கையின் வடக்கில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சென்றியில், அதாவது இராணுவக் காவலரணில், சீருடையைக் கண்டால், அவன் வாய் திறப்பதற்கு முன் ஐசி எங்கள் கையில் இருக்கவேண்டும். கேட்ட பிறகு தேடினால் சந்தேகம். தேடி எடுக்கப் பிந்தினால் அடி. வீட்டில் மறந்துவிட்டு வந்தால்... அப்படி மறந்துவிட்டுப் போனவர்களில் சிலர் திரும்பி வரவேயில்லை. அதனால் எங்கள் கைகள் யோசிக்காமல் ஓடப் பழகிக்கொண்டன. ஊரில் எங்கள் உயிரைக் காப்பாற்றிய பழக்கம் அது. இப்போது அங்கே மறுபடி சண்டை தொடங்கிவிட்டது — இந்த நிமிடமும் யாரோ ஒருவர் அப்படித்தான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்து இறங்குவார்.

இங்கே எல்லாம் தலைகீழ். இங்கே பொலிஸ்காரருக்குக் கை வெறுமையாகத் தெரியவேண்டும். ஜாக்கெட்டுக்குள் போகும் கை, துப்பாக்கி எடுக்கப்போகும் கை. இதை எங்களுக்கு யார் சொல்லித் தந்தது? ஜேர்மன் வகுப்பில் எந்தக் குப்பையை எந்த நிறத் தொட்டியில் போடுவது என்று ஒரு முழுப் பாடமே படித்தேன். பொலிஸைக் கண்டால் கையை எங்கே வைப்பது என்று ஒரு வரிகூட இல்லை.

சுட்டுவிட்டார்கள். குண்டால் அல்ல, மின்னதிர்ச்சித் துப்பாக்கியால். அண்ணை அதற்கு வைத்திருக்கிற பெயர் கறண்ட் துவக்கு. இரண்டு சின்ன ஊசிகள் வயரோடு பாய்ந்து வந்து உடம்பில் குத்திக்கொள்ளும். பிறகு மின்சாரம். வோல்ட் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. ஆள் விறைத்துக் கட்டை மாதிரி விழுவார் என்பது மட்டும் தெரியும். வெறும் தரையில் விழுந்திருந்தால் பரவாயில்லை. அவருக்குப் பின்னால் இருந்தது நிலவறைப் படி.

வலது தோள் நொறுங்கிவிட்டது. முன்பல் இரண்டு போய்விட்டது. பொலிஸார் கீழே இறங்கி வந்து பார்த்தபோது வலது கை இறுக மூடியிருந்ததாம். விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத்தான் உள்ளே இருந்த ஆவுஸ்வைஸை எடுத்தார்களாம்.

மேல் வீட்டுக்காரனோ? அன்று பின்னேரமே கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தானாகவே நடந்து வந்தான். அவன் உடம்பில் ஒரு கீறல் இல்லை. அதற்காக நான் சந்தோசப்படவேண்டும். படுகிறேன்.

இன்னொரு விஷயமும் அண்ணை சொன்னார், சுவரைப் பார்த்துக்கொண்டு. அந்தப் படியடியில், அயலவர்கள் பார்க்க, அவருடைய உடம்புக்கு நடந்தது அது. "இதை எழுதிப் போடாத" என்றார். எழுதவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஒரு பொலிஸ் அதிகாரி பூங்கொத்தோடு வந்தார். நானும் அப்போது அங்கேதான் இருந்தேன். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. நாற்காலி நுனியில் இருந்து, மெதுவாகக் கதைத்தார். நடந்ததற்கு வருந்துவதாகச் சொன்னார். பிறகு சொன்னார், "உங்களுக்கு அதிர்ஷ்டம். சுட்டவர் கையில் வழக்கமான துப்பாக்கி இருந்திருந்தால் நாங்கள் இப்படிக் கதைத்துக்கொண்டிருக்க மாட்டோம்."

மரியதாஸ் அண்ணை பல்லில்லாத வாயால் சொன்னார்: "டாங்க."

நன்றி. சுட்டவர்களுக்கு நன்றி. முகத்துக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னார். சென்றியில் விட்டு அனுப்புகிறவனுக்குச் சொல்லிப் பழகிய நன்றி அது. மகள் அனித்தா எழுந்து வெளியே போய்விட்டாள். எனக்கு அந்தப் பூங்கொத்தைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறியவேண்டும் போல் இருந்தது. பிலோமினா அக்கா அதைத் தண்ணீரில் வைத்தார்.

அனித்தா இங்கே பிறந்தவள். ஒரு பல் மருத்துவரிடம் வேலை பழகுகிறாள். அப்பா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, வழக்கறிஞரைப் பிடித்து முறைப்பாடு கொடுக்க வைத்தாள்.

"இது இலங்கை இல்லை அப்பா. இஞ்ச கேள்வி கேக்கலாம்" என்றாளாம்.

கேட்டார்கள். பதிலும் மரியாதையாக வந்தது. அந்த மனிதர் ஜாக்கெட்டுக்குள் கையை விட்டார். ஆயுதம் எடுப்பதாகப் பொலிஸார் நினைத்ததில் தவறில்லை. கையில் இருந்தவற்றுள் மென்மையான வழியைத்தான் பயன்படுத்தினார்கள். ஆகவே மேற்கொண்டு விசாரணை இல்லை.

மென்மையான வழி. இந்தச் சொல்லை நான் பல நாளாக மென்றுகொண்டிருக்கிறேன்.

உயிரைப் பறிக்காத ஆயுதம், நாகரிகமான ஆயுதம் என்று பேப்பரில் எழுதுகிறார்கள். இப்போதைக்குச் சிறப்புப் படையிடம் மட்டும்தான் இருக்கிறது. தெருவில் சுற்றும் சாதாரணப் பொலிஸாருக்கும் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். மனித உரிமைக்காரர்கள் வேண்டாம் என்கிறார்கள். இதயம் பலவீனமானவருக்கு என்ன ஆகும், கர்ப்பிணிக்கு என்ன ஆகும், சுட்டவரை யார் கேட்பது — அவர்களுடைய கேள்விகள் இவை. என்னுடைய கேள்வி இன்னும் சின்னது. கையில் குண்டுத் துவக்கு மட்டும் இருந்திருந்தால், சுட்டவன் ஒரு மூச்சு நேரம் தயங்கியிருப்பான் இல்லையா? ஒரு உயிர் போகுமே என்று விரல் கொஞ்சம் பின்வாங்கியிருக்கும். அந்த மூச்சு நேரத்தில் அண்ணையின் கை அட்டையோடு வெளியே வந்திருக்கும். உயிர் போகாது என்று தெரிந்தால் யார் தயங்குவார்கள்? மென்மையான ஆயுதத்தில் எனக்குப் பயம் அதனால்தான்.

ஆனால் இதையும் சொல்லத்தான் வேண்டும். அவன் தயங்காமலே குண்டால் சுட்டிருந்தால்? நான் போன சனிக்கிழமை போயிருக்கவேண்டியது வீட்டுக்கில்லை, கல்லறைக்கு. அந்த அதிகாரி சொன்னது சரியாகவும் இருக்கலாம். அதை நினைக்கும்போதுதான் இன்னும் எரிச்சல் வருகிறது.

சரி, வீட்டுக்கு வருவோம்.

கதவைத் திறந்ததும் கொடியில் தொங்கிய ஜாக்கெட்டுகள் கண்ணில் பட்டன. எல்லாவற்றிலும் உள்பைகள் தைத்து மூடப்பட்டிருந்தன. சட்டைகளிலும் அப்படித்தான். பிலோமினா அக்காவின் வேலை. ஆவுஸ்வைஸ் இப்போது ஒரு பிளாஸ்டிக் உறையில், கழுத்தில் தொங்கும் நாடாவோடு இருந்தது — பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றுலா போகும்போது போட்டுவிடுவார்களே, அதுபோல.

"தச்சுப்போட்டன். ஆனாலும் போறாரில்லை" என்றார் அக்கா.

மரியதாஸ் அண்ணை ஜன்னலோரம் இருந்தார். மெலிந்து போயிருந்தார். தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால்தான் பிடித்தார்.

"அண்ணை, வேலை இடத்தில நல்லபடியாச் சொல்லியிருக்கினமாம். பாரம் தூக்கத் தேவையில்லையாம். பொதி கட்டுற இடத்தில விடுவினமாம். பிறகென்ன?"

"ஓம், அவை நல்ல மனிசர்."

"பொலிசுக்குப் பயமோ?"

கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு வலது கையைத் தூக்கி மடியில் வைத்து அதைப் பார்த்தார்.

"பொலிசுக்கில்லை தங்கச்சி. எனக்கு இந்தக் கைக்குத்தான் பயம். போன கிழமை கடிதக்காரன் வந்தவன். கறுப்பு ஜாக்கெட் போட்டிருந்தவன். கதவைத் திறந்த உடன கை இஞ்ச வந்திட்டுது." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "நான் சொல்லிக் கேக்குதில்லை. ரயிலடியில நாலு பொலிஸ் நிக்கும். அப்ப என்ன செய்யிறது?"

பயப்படாதேங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயப்படவேண்டிய விஷயம்தானே.

அனித்தா குசினிக்குள் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, எழும்புங்கோ. பழகுவம்" என்றாள். "நான் கத்துவன். நீங்கள் ரெண்டு கையையும் மேல தூக்கவேணும். வேற ஒண்டும் செய்யக்கூடாது. நூறு தரம் செய்தா கை பழகிடும்."

அண்ணை எழுந்து கூடத்தின் நடுவில் நின்றார். அனித்தா கதவடிக்குப் போனாள். "பொலிஸ்" என்று கத்தினாள். கை நெஞ்சுக்குப் போனது, தைத்து மூடிய பையைப் பிறாண்டியது. மறுபடி கத்தினாள். மறுபடியும் நெஞ்சுக்கு. பிலோமினா அக்கா பார்க்க மாட்டாமல் அறைக்குள் போய்விட்டார். பெற்ற தகப்பனைப் பார்த்து ஒரு பிள்ளை அப்படிக் கத்துவதும், அவர் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு நிற்பதும்... நானும் எழுந்து போயிருப்பேன். கதவை மறித்து அனித்தா நின்றாள்.

எத்தனை தரம் என்று தெரியாது. அனித்தாவின் குரல் அடைத்துவிட்டது. கடைசியில் ஒரு தரம், கை நெஞ்சுக்குப் போகவில்லை. நேராக மேலே கிளம்பியது. அனித்தாவின் முகம் மலர்ந்தது.

இடது கை தலைக்கு மேல் போனது. வலது கை தோள் மட்டத்துக்கு வந்து நின்றுவிட்டது. அண்ணை பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றார். நெற்றியில் வியர்த்தது. கை அசையவில்லை.

"டொக்டர் சொன்னவர்" என்றார் மெதுவாக. "இதுக்கு மேல இனி வராதாம்."

அனித்தா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அண்ணை கையை இறக்கவில்லை. ஒன்று மேலே, ஒன்று பாதியில். அந்த நிலையில் நின்றபடி என் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு உயர்த்தினாக் காணுமோ தங்கச்சி?"

"காணும் அண்ணை" என்றேன்.

திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போனார்.

இந்த நாட்டுப் பொலிஸ்காரர் ஒருவரும் தமிழ் படிக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டுவைக்கிறேன் — ஐயா, தயவுசெய்து என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.