இமையில் தடவிய மருந்து

செருப்புத் தொழிற்சாலையில் அவளுக்குப் பெயரே பசையக்கா. பதினோரு வருடமாக மேல்தோலையும் அடிப்பாகத்தையும் பசை தடவி ஒட்டுவதுதான் வேலை. ஒரு ஜோடிக்கு நாற்பது விநாடி. அவள் ஒட்டிய செருப்பு பிய்ந்து திரும்பி வந்ததாகப் பேச்சே கிடையாது.

அந்தப் பசைதான் முதலில் அவள் கையைத் தின்றது. விரலிடுக்கெல்லாம் வெடித்து, இரவில் போர்வை பட்டாலும் எரிந்தது. தோல் டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். "ரெண்டே வாரம். கைக்கு மட்டும். முகத்துப் பக்கமே கொண்டு போகக் கூடாதும்மா" என்று இரண்டு முறை சொன்னார். அவளும் தலையாட்டினாள். பத்தே நாளில் கை பளிச்சென்று ஆகிவிட்டது. பாதி ட்யூப் மீதி இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் கண்ணிமை இரண்டும் சிவந்து வீங்கின. மேற்பார்வையாளர் மேசையருகே வந்து நின்றார்.

"கண்ணு நோவா? மத்தவங்களுக்கும் ஒட்டிக்கும். வீட்டுக்குப் போ."

"இது அதில்லீங்க, வெறும் அரிப்புதான்."

"சரியானதும் வா."

அன்று வீட்டில் பாதி ட்யூப் கண்ணில் பட்டது. டாக்டர் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. ஒரே ஒரு தடவைதானே என்று கடுகளவு எடுத்து இமையில் தடவினாள். மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டாள்.

நிறுத்தினால் திரும்ப வந்தது, முன்னைவிட மோசமாக. அதனால் நிறுத்தவில்லை. தீர்ந்தபோதெல்லாம் கணவர்தான் வாங்கி வந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர்; வேலை முடிந்து வரும் வழியில் பழைய சீட்டைக் காட்டுவார், மருந்துக்கடைக்காரரும் எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுப்பார். "இந்தா, உன் அமிர்தம்" என்று சிரித்துக்கொண்டே நீட்டுவார். இப்படியே நாலு வருடம் ஓடிப்போனது.

கடைசிப் படியை அவள் தவறவிடத் தொடங்கினாள். தெருவில் இடப்பக்கமாக வந்த சைக்கிள்காரர் அவளை இடித்துத் தள்ளிவிட்டு, "கண்ணு தெரியலையா?" என்று திட்டினார். ஒருநாள் ஒரே சரக்கில் பதினாறு ஜோடிக்கு இடது ஓரத்தில் பசையே இல்லை. பெட்டியைத் திருப்பி அனுப்பினார்கள்.

கண் மருத்துவமனையில் ஒரு இயந்திரத்தின் முன் உட்கார வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. இயந்திரம் கெட்டுவிட்டது போலும் என்று நினைத்து, பாவம், பரிசோதனை செய்த பெண்ணைக் கூப்பிட்டும் சொன்னாள். அந்தப் பெண் காகிதத்தில் எதையோ குறித்துக்கொண்டாள்.

"கண்ணுக்கு என்ன மருந்து போடறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க."

"முகத்துக்கு? இமைக்கு?"

பையிலிருந்து ட்யூபை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இது ஸ்டீராய்டும்மா. இமைத்தோல் ரொம்ப மெல்லிசு, நேரா உள்ளே இறங்கிடும். கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பைக் கெடுத்திருக்கு. இருக்கற பார்வையைக் காப்பாத்தலாம். போனது வராது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர், "நான்தானே வாங்கிட்டு வந்தேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

"கேட்டது நானுங்க" என்றாள்.

களிம்பை நிறுத்திய பிறகு ஆறு வாரம் முகம் தீயாக எரிந்தது. கண்ணாடியைத் துணி போட்டு மூடிவைத்தாள். இமை அரிப்புக்கும் பசை ஒவ்வாமைதான் காரணம் என்று தோல் டாக்டர் கண்டுபிடித்து, இமைக்கு வேறு மருந்து தந்தார். கைக்குப் பழைய களிம்பேதான். ஆனால் அளவு சொன்னார்: ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்கினால் ஒரு கைக்குப் போதும், தடவியதும் விரலைக் கழுவ வேண்டும், இத்தனை நாள் என்றால் அத்தனை நாள்தான். அவர் சொன்னதை அவளே காகிதத்தில் எழுதிக்கொண்டாள். இப்போது எழுதி என்ன என்றும் தோன்றியது.

இப்போது அவள் பெட்டியில் செருப்பு அடுக்குகிறாள். பசையக்கா என்று கூப்பிடுவதை எல்லோரும் தாங்களாகவே விட்டுவிட்டார்கள். காலையும் மாலையும் கணவர் சொட்டு மருந்து விடுகிறார். அது ஆயுசுக்கும் உண்டு. வெளியே போனால் அவளுடைய இடப்பக்கமாகவே நடக்கிறார். முன்போல வேடிக்கைப் பேச்சு இல்லை. அவர் கூடத்தான் வருகிறாரா என்று அவள் அடிக்கடி தலையை முழுக்கத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறாள்.