கேட்டில் தொங்கிய தொப்பி

அமோஸ் ரிக் ஒரு லாரியை முதலில் மூக்கால் பார்ப்பார், பிறகு காதால். கண்ணுக்குக் கடைசியில்தான் வேலை.

மேலே கருங்கல் குவாரி, கீழே பாலத்தடி ஊர், நடுவே ஒரே இறக்கம். இறக்கத்தின் தலைமாட்டில் எங்கள் யார்டு. நான் அங்கே வெல்டர், அமோஸ் பிரேக் மெக்கானிக். கல் ஏற்றிய எட்டுச் சக்கர லாரி ஒன்று வாசலைத் தாண்டினால் அவர் கைவேலை நின்றுவிடும். தலையைச் சாலைப் பக்கம் சாய்த்துக்கொள்வார். எஞ்சின் முனகிக்கொண்டே போனால் வண்டி கியரில் இறங்குகிறது, கவலையில்லை. முனகல் சட்டென்று அடங்கினால் அவர் பேச்சும் அடங்கிவிடும்.

அந்த லாரிகள் கியரில் இறங்கினால் சைக்கிள்காரன்கூட முந்திப் போவான். அதனால் டிரைவர்கள் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, பாரமே வண்டியை இழுத்துப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். அப்புறம் வண்டியைப் பிடிப்பது பிரேக் மட்டும்தான், அதுவும் சூடேறிக்கொண்டே போகும். யார்டில் அதற்கு ஓசி கியர் என்று பெயர். அதில் டெரிக்கை மிஞ்ச ஆளில்லை. டெரிக், அமோஸின் ஒரே மகள் ஐவியின் புருஷன்.

அமோஸ் போர்க்காலத்தில் பாலைவனத்தில் ராணுவ லாரிகளைப் பிரித்துப் பிரித்தே தொழிலைக் கற்றவர். திரும்பி வந்து மனைவியைப் பறிகொடுத்தார், மகளை வளர்த்தார். ஐவி கல்யாணமாகிப் பாலத்தை ஒட்டிய வளைவில் வீடு பார்த்தபோது இவரும் போயிருந்தார். கூரையைப் பார்க்கவில்லை, சுவரைத் தட்டவில்லை. வாசலில் நின்று இறக்கத்தையே அண்ணாந்து பார்த்தார். "இங்கயா குடியிருக்கப் போற?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் யார்டில் ஒரு வழக்கம் உண்டு. மெக்கானிக் தன் தொப்பியைக் கழற்றி ஸ்டியரிங்கில் மாட்டிவிட்டால், அவரே வந்து எடுக்கும்வரை அந்த வண்டி நகராது. முதலாளியே வந்து நின்றாலும் நகராது.

நவம்பர் மாதச் சனிக்கிழமை அது. மூடுபனி மலையை விட்டு இறங்கி எங்கள் கேட்டுவரை வந்திருந்தது. டெரிக் காலையில் ஒரு நடை கல் இறக்கிவிட்டு வந்து, மறு நடைக்குப் பாரம் ஏற்றிக்கொண்டு யார்டில் நின்றான். கை துடைத்துக்கொண்டிருந்த அமோஸ் நிறுத்தினார்.

"டெரிக், எங்கயோ கருகுது."

"உங்க பைப்பா இருக்கும், பெரியவரே. அதுல என்ன குதிரைச் சாணியா போடுறீங்க?"

அமோஸ் முன்சக்கரத்துப் பக்கம் குனிந்து பிரேக் டிரம்மில் துப்பினார். எச்சில் சுர்ரென்று பொரிந்தது.

"பிரேக்கை யாருடா டைட் பண்ணது?"

"நான்தான். கீழ போய்ச் சேர்றப்ப பெடல் அடிவரைக்கும் போயிடுச்சு. வீட்டு வாசல்லயே படுத்து, ஸ்பேனரைப் போட்டு இறுக்கிட்டேன். ஐவி டீ போடுறதுக்குள்ள வேலை முடிஞ்சுது."

"சூடா இருக்கிறப்பவா?"

"பின்ன, ஐஸ் வச்சுட்டா?"

நான் சிரித்துவிட்டேன். அமோஸ் சிரிக்கவில்லை.

சூட்டில் டிரம் விரிந்துவிடும். பிரேக் பிடிக்காததுபோல் தோன்றும். அப்போது இறுக்கினால், ஆறிச் சுருங்கும்போது டிரம் உள்ளே அழுத்திப் பிடிக்கிற லைனிங்கைக் கவ்விக்கொள்ளும். கால் வைக்காமலே பிரேக் உரசிக்கொண்டு கிடக்கும். வெறும் வண்டியாய் மேடேறி வந்த வழியெல்லாம் அது உரசியே வந்திருக்கிறது. லைனிங் கருகிக் கண்ணாடிபோல் வழுவழுப்பாகியிருக்கும், மிதித்தாலும் பிடிக்காது. அதை நம்பித்தான் இப்போது பாரத்தோடு இறங்க வேண்டும்.

"அது ஆறணும். அப்புறம் நான் தளர்த்திப் பாக்கணும். அதுவரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டும்."

"மத்தியானம் மேட்ச் இருக்கு. எனக்குப் பதிலா நீங்க போய்க் கத்துவீங்களா?"

"மேட்ச் அடுத்த வாரமும் வரும். கீழ இருக்கிறது என் பொண்ணுடா."

"எனக்கும் அவ பொண்டாட்டிதான்."

அமோஸ் தொப்பியைக் கழற்றி ஸ்டியரிங்கில் மாட்டிவிட்டு ஜாக்கி எடுக்க ஷெட்டுக்குள் போனார். டெரிக் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"வெல்டரே, நீ எதையும் பாக்கல."

தொப்பியைக் கேட்டுக் கம்பியில் தொங்கவிட்டான். வண்டி மூடுபனிக்குள் நுழைந்தது.

அமோஸ் ஜாக்கியோடு வெளியே வந்தார். காலி இடத்தைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார். தலையைச் சாய்த்துக்கொண்டார். எஞ்சின் முனகல் முதல் வளைவுவரை கேட்டது. அங்கே அடங்கியது.

பனி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. வெகுநேரம் ஒன்றுமே இல்லை. பிறகு எங்கோ கீழே இரும்புப் பல்லோடு பல் உரசுகிற ஒரு கறகறப்பு. இன்னொரு முறை. கியரைத் தேடுகிறான், அந்த வேகத்தில் அது விழாது. மூன்றாவது முறை கேட்கவில்லை.

"ஏறு" என்றார் அமோஸ். பழைய ராணுவக் கிரேன் வண்டியில் ஏறினேன். கேட்டில் நிறுத்தித் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வண்டியை முதல் கியரிலேயே இறக்கினார்.

"கொஞ்சம் வேகமாப் போங்களேன்!"

"இந்த வண்டியும் போய் அவ வீட்டுல இடிக்கணுமா?"

கருகல் வாடை வரவர அடர்ந்தது. ஒரு வளைவில் இடப்பக்கத்துக் கல் சுவர் நெடுகச் சிராய்ந்து, கற்களில் பச்சைப் பெயின்ட் அப்பியிருந்தது. வேகத்தைக் கொல்ல டெரிக் வண்டியைச் சுவரோடு உரசியிருக்கிறான். அமோஸ் அந்தத் தடத்தைப் பார்த்தபடியே ஓட்டினார். அடுத்த வளைவிலும் தடம் இருந்தது. அதற்குப் பிறகு இல்லை.

லாரி ஐவியின் தோட்டச் சுவரை உடைத்துக்கொண்டு நின்றிருந்தது. அதன் மூக்குக்கும் சமையலறை ஜன்னலுக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். லாரியிலிருந்து சரிந்த கருங்கல் கரிக்கொட்டகையைத் தரையோடு அமுக்கியிருந்தது. சக்கரங்களிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. ஐவி டீ கூஜாவின் மூடியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள்.

"அப்பா, அவரு இறங்க மாட்டேங்கிறாரு."

டெரிக்கின் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தது. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தன.

"கை வர மாட்டேங்குது, பெரியவரே."

அமோஸ் படியில் ஏறி, அந்தக் கைகளுக்கு நடுவே தொப்பியை மாட்டினார். "இனி இது நகராது. இறங்கு."

திங்கட்கிழமை டிரைவர்கள் எல்லோரும் ஐவி வீட்டின் உடைந்த சுவரை வந்து பார்த்தார்கள். மூத்த டிரைவர் பெர்சி வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "சூட்டுல எவனாவது பிரேக்கை இறுக்குவானா? கிறுக்குப் பய" என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஓசி கியரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பிறகு பெர்சி பாரம் ஏற்றிக்கொண்டு எங்கள் கேட்டைத் தாண்டினார். அமோஸ் டீக் குவளையை வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்தார். முனகல் முதல் வளைவுவரை கேட்டது.

அங்கே அடங்கியது.