பன்னிரண்டு நாள் நிறுத்தி வைத்த ஃப்ரிட்ஜ்

மூன்று வருடங்களுக்கு முன்பு, அக்னி நட்சத்திரம் ஆரம்பித்த வாரம் அது. கடலூர் முதுநகரில் இருக்கும் எங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு, திட்டக்குடியில் மச்சான் மகள் கல்யாணத்துக்கு நானும் என் மனைவியும் கிளம்பினோம். கல்யாணம், மறுவீடு, குலதெய்வத்துக்குப் பொங்கல் என்று பன்னிரண்டு நாள் தங்குவதாக ஏற்பாடு.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிப்காட்டில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டில் ஒரு லைட் வீணாக எரிந்தால் எனக்குத் தலை வெடித்துவிடும். குண்டு பல்புகளை எல்லாம் கழற்றி எல்இடி போட்டேன். டிவியை ரிமோட்டில் அணைத்தால் போதாது, சுவரில் இருக்கும் சுவிட்சையும் அணைக்க வேண்டும். இஸ்திரி வாரத்துக்கு ஒரு தடவைதான், எல்லாத் துணிக்கும் சேர்த்து. வீடு கொதிக்காமல் இருக்க மொட்டைமாடிக்கு வெள்ளை அடித்தேன். இதெல்லாம் நல்ல யோசனைகள்தான், இன்று யார் கேட்டாலும் சொல்வேன். நான் அதோடு நின்றிருக்க வேண்டும். சொந்தக்காரர்கள் எனக்கு வைத்த பெயரே ‘கரண்டு மாமா’. நான் உள்ளே நுழைந்தாலே, “டேய், மாமா வர்றாரு, லைட்ட அணைங்கடா” என்று மச்சான் பிள்ளைகளிடம் கத்துவான். எனக்கு அதில் பெருமை வேறு.

என் மனைவிக்குப் பல வருடமாகச் சர்க்கரை. தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவள். சிதம்பரத்தில் இருக்கும் டாக்டரிடம் போகும்போது மூன்று மாதத்துக்கான பாட்டில்களைச் சேர்த்து வாங்கி வந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவோம். ஊருக்குக் கிளம்பும்போது ஒரு பாட்டிலை மட்டும் ஈரத்துணியில் சுற்றி சில்வர் டப்பாவில் எடுத்துக்கொண்டாள். ஆட்டோவில் ஏறியவள் என்னைத் திரும்பிப் பார்த்து, “ஏங்க, ஃப்ரிட்ஜ நிறுத்திடாதீங்க. மருந்து இருக்குது” என்றாள்.

“தெரியும் போ” என்றேன். உள்ளே வந்தேன். பாலும் இல்லை, காய்கறியும் இல்லை. நாலு சின்ன பாட்டிலுக்காகப் பன்னிரண்டு நாள் ஃப்ரிட்ஜ் ஓட வேண்டுமா? கதவைத் திறக்காமல் இருந்தால் குளிர்ச்சி உள்ளேயே நிற்கும் என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டு, மெயினை இறக்கிவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

தொட்டியில் தண்ணீர் ஏற்றி வைக்கிறேன் என்று சொல்லி, அவளுக்கு ஒரு நாள் முன்னதாக நான் மட்டும் திரும்பினேன். பூட்டிய வீடு அடுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. ஃப்ரிட்ஜைத் திறந்தால் வெந்நீர்ப் பானைக்குள் கைவிட்ட மாதிரி ஒரு சூடு. கீழே தண்ணீர் தேங்கி, பூஞ்சை வாடை. துடைத்துவிட்டு மெயினை ஏற்றினேன். பாட்டில்கள் பார்வைக்கு முன்பு இருந்த மாதிரியேதான் இருந்தன. மறுநாள் அவள் வருவதற்குள் எல்லாம் சில்லென்று ஆகிவிட்டது. அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் கத்துவாளே என்றுதான் நினைத்தேன். அவ்வளவு மடையன் நான்.

அடுத்த மாதமே அவளுக்குச் சர்க்கரை ஏற ஆரம்பித்தது. டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். இன்னும் ஏறியது. அது மாம்பழ சீசன். வீட்டில் பழம் இருந்தது. நான் அதை எண்ணி வைக்க ஆரம்பித்தேன்.

“சாமி சத்தியமாங்க, வாயிலயே வெக்கல” என்று அழுதாள்.

“அப்ப சக்கரை என்ன காத்துலயா ஏறுது?” என்று கேட்டேன். ஒரு தடவை அல்ல. வந்து போகிறவர்கள் எதிரிலும் கேட்டேன்.

ஆடி மாதம் செருப்பு கடித்து வலது காலில் ஒரு கொப்புளம். ஆறவில்லை. கறுத்துப் போனது. சிதம்பரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் காலைப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் பார்த்தார். “இவ்ளோ டோஸ் போட்டும் இறங்கலன்னா மருந்து மேலயே சந்தேகம் வருதும்மா. சூடு பட்டா இன்சுலின் வீரியம் போயிடும். எங்க வெக்கிறீங்க?” என்று கேட்டார்.

“ஃப்ரிட்ஜுலதான் சார். ஒரு நாள் கூட வெளிய வெச்சதில்ல” என்றாள் அவள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். “ஏங்க, நீங்களே சொல்லுங்க.”

அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. தண்ணீர் தேங்கிய ஃப்ரிட்ஜ் கண் முன்னால் வந்து நின்றது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

ஆஸ்பத்திரியில் புதுப் பாட்டிலில் இருந்து ஊசி போட்டார்கள். மூன்றே நாளில் சர்க்கரை இறங்கியது. காலுக்குத்தான் காலம் கடந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே நான் வீட்டுக்கு வந்து மீதி பாட்டில்களை எடுத்துப்போய்த் தூக்கி எறிந்தேன். திருடன் மாதிரி செய்தேன்.

அதைவிடப் பெரிய பாவம் ஒன்று இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பார்க்க வருகிறவர்களிடம் அவளே சொல்கிறாள்: “எல்லாம் என் தப்புதான். வாயக் கட்டல. கல்யாண வீட்டுல எதையாச்சும் தின்னுருப்பேன். அவுரு அப்பவே சொன்னாரு, நான்தான் கேக்கல.” செய்யாத தப்பை, நான் சொல்லிச் சொல்லி, அவளே நம்பிவிட்டாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் ஓயாமல் ஓடுகிறது. விளக்கை அணைக்க எனக்குக் கை வருவதில்லை. போன வாரம் கூடத்தில் ஃபேனை ஓடவிட்டுவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே டக், டக் என்று வாக்கர் சத்தம். ஒற்றைக் காலை ஊன்றி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு, அந்த ஃபேனை நிறுத்துவதற்காக அவள் படுக்கையிலிருந்து எழுந்து வந்திருந்தாள். “நீ எதுக்கு எழுந்து வந்த?” என்று பதறினேன். “சும்மா ஓடுதுல்ல, கரண்டு வேஸ்ட்டு. உங்களுக்குப் புடிக்காதே” என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

பெயர் போடாமல் இதை ஊருக்கெல்லாம் எழுதுகிற தைரியம் எப்படியோ வந்துவிட்டது; பத்தடி தள்ளிப் படுத்திருக்கிறவளிடம் ‘உன் மேல் தப்பில்லை’ என்று சொல்லும் தைரியம்தான் மூன்று வருடமாக எனக்கு வரவில்லை.