மெமோவே குடுங்க சார்

என் சிநேகிதி ஜெபசுதாவுக்குச் சாத்தான்குளம் சொந்த ஊர், குடியிருப்பது மில்லர்புரம். கடற்கரையோரப் பள்ளியில் நாலாம் வகுப்பு எடுக்கிறாள். பக்கத்து வகுப்பு என்னுடையது. அவள் பாடம் நடத்தினால் என் பிள்ளைகளும் சுவரில் காதை வைத்துவிடுவார்கள். எரிச்சலாக வரும், பொறாமையும்தான்.

பிறகு கல்வித்துறையின் ஆப் வந்தது. இன்ன நாளில் இன்ன பக்கம்தான் நடத்த வேண்டும், பாடத்துக்குப் பாடம் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். பிள்ளைகள் படிப்பதை விட்டுவிட்டு போட்டோவுக்குச் சிரிக்கப் பழகினார்கள். ஜெபசுதாவுக்குச் சிரிப்பே நின்றுபோனது.

"விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்திரட்டா, ஜெயஷீலா?" என்று ஒருநாள் கேட்டாள். எனக்குப் பகீரென்றது.

ஆனி மாதத்தில் ஒரு காலை. ஆப் சொன்ன பாடம் கழித்தல். வெளியே காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. அவளுக்கு என்ன தோன்றியதோ, போனை மேசையில் போட்டுவிட்டு வகுப்பையே மைதானத்துக்குக் கிளப்பினாள்.

"கண்ண மூடுங்க! மூஞ்சில எந்தக் காத்து அடிக்கு?"

"கச்சான், டீச்சர்!" மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு மேல்காற்றைச் சொல்லியா தர வேண்டும்!

"அப்ப மேற்கு எங்கன?"

அத்தனை கையும் ஒரே பக்கம் நீண்டது. "வாடை எங்கன இருந்து வரும்?" "அங்கன!" ஒரே கூச்சல். என் வகுப்பும் எழுந்து ஓடியது. நானும் ஓடினேன், பொய் சொல்வானேன்?

அந்த நேரம் பார்த்து வட்டாரக் கல்வி அலுவலர் ஆறுமுகநயினார் ஜீப்பிலிருந்து இறங்கினார். "இன்னைக்குக் கழித்தல்லா நடத்தணும்?" மெமோ நிச்சயம் என்று நான் என் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தப் பார்த்தேன். மனிதர் நின்று பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மலர்ந்தது.

"பிரமாதம் டீச்சர்! எல்லாப் பள்ளிக்கும் இதக் கட்டாயமாக்கிருவோம். செவ்வாக்கிழமதோறும் காத்துப் பாடம். போட்டோவோட!"

நான் கைதட்டப் போனேன். ஜெபசுதா பதறிவிட்டாள்.

"கும்பிட்டுக் கேக்கேன் சார், மெமோவே குடுங்க. கட்டாயம் மட்டும் ஆக்கிராதீங்க."

"ஏம்மா?"

"காத்தே இல்லாத செவ்வாக்கிழமயும் போட்டோவுக்காக நிக்க வைக்கணும். பொறவு எனக்கே இது வெறுத்துப் போவும். ஆசப்பட்டுச் செய்ய இது ஒண்ணுதான் சார் மிச்சம் இருக்கு."

அவர் அவளையே பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். கழித்தல் நடத்தாததற்கு மெமோ. காற்றைப் பற்றி அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

"ஏளா, மெமோ கெடச்சிட்டு!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு ஆசை தாங்கவில்லை. மறுநாள் ஆப் சொன்ன பக்கத்தை மூடிவைத்துவிட்டு நானும் என் பிள்ளைகளைக் கிளப்பினேன்.