மூன்று மாத முன்னறிவிப்பு

ஜெர்மனியை விட்டு வேறு நாட்டுக்குக் குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் இன்றைக்கும் என்னைத் தொலைபேசியில் பிடித்து ஆலோசனை கேட்கிறார்கள். ஒருமுறை போனவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைப்பு. எனக்கும் சொல்லப் பிடிக்கும். வீட்டை விடப்போவதை மூன்று மாதம் முன்பே எழுத்தில் கொடுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சுவருக்கெல்லாம் வெள்ளை அடித்துக் கொடுக்க வேண்டும். குசினிச் சுவருக்கு இரண்டு பூச்சுப் போதாது, எங்கள் தாளிப்பு மூன்றாவது பூச்சையும் தாண்டி எட்டிப் பார்க்கும். பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழையும் தடுப்பூசிப் புத்தகத்தையும் கைப்பையில் வையுங்கள். நகரசபையில் பெயரை வெட்டித் தரும் கடதாசியைத் தொலைத்தால் கடவுளே வந்தாலும் காரியம் ஆகாது. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். யாருக்கு, எப்போது சொல்ல வேண்டும் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. நல்லகாலம்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் பீலெஃபெல்டில் இருந்தோம். ஐரோப்பாவில் எங்கும் குடியேற விடும் ஜெர்மன் பாஸ்போர்ட் கைக்கு வந்த கிழமையே, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்தால்தான் ஆளாவார்கள் என்று என் கணவர் கண்டுபிடித்தார். லண்டன் என்று முடிவாயிற்று. பத்து வருடம் தொண்டை நோகப் படித்த மொழியை விட்டுவிட்டுப் போகும் உரிமையை, அந்த மொழியிலேயே விண்ணப்பம் எழுதித்தான் வாங்கியிருந்தோம்.

முடிவெடுத்த அன்றே கணவர் சட்டமும் போட்டார்.

"இஞ்சேரும், எங்கடை சனம் ஒருத்தரிட்டையும் மூச்சு விடாதையும். கண்ணூறு பொல்லாதது. போய் இறங்கினாப் பிறகு சொல்லுவம்."

அவர் பயத்துக்கும் காரணம் இருந்தது. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் லண்டன் போகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லி, மண்டபம் எடுத்துப் பிரியாவிடை வைத்து, சூட்கேஸ்களைப் பரிசாகவும் வாங்கிக்கொண்டது. பிறகு ஏதோ குழம்பிப் போகவில்லை. அதன்பின் அவர்களுக்கு 'லண்டன் ஆக்கள்' என்றே பெயர். கடையில் மீன் வாங்கும்போதுகூட "லண்டனிலை என்ன விலை?" என்று யாராவது கேட்பார்கள். பாவம், அந்த மனுஷன் சில மாதத்தில் மீன் சாப்பிடுவதையே குறைத்துவிட்டார்.

ஆனால் இந்த நாட்டில் சத்தம் போடாமல் போக முடியாது. வீட்டுக்காரருக்கு மூன்று மாதம் முன்பே எழுத வேண்டும். பள்ளிக்கு, சுகாதாரக் காப்புறுதிக்கு, பிள்ளைகளுக்கு அரசாங்கக் காசு தரும் அலுவலகத்துக்கு, தொலைபேசிக் கம்பனிக்கு, எல்லாருக்கும் தனித்தனிக் கடிதம். பல் வைத்தியரின் உதவியாளர் எங்களுக்கு நல்வாழ்த்துச் சொன்னார். நூலகத்தில் இருந்த பெண், லண்டனில் மழை அதிகம், குடை கொண்டுபோங்கள் என்றார். மூன்று மாதத்துக்குள் நகரத்தின் பாதி ஜெர்மன்காரருக்கு எங்கள் பயணம் தெரியும். தமிழர் ஒருவருக்கும் தெரியாது. வெள்ளைக்காரருக்குக் கண்ணூறு போடத் தெரியாது என்பது என் கணவரின் உறுதியான கொள்கை.

இதில் எனக்குப் பொறுக்க முடியாத இடம் ஒன்றுதான்: அக்கா.

அவர் என் கூடப்பிறந்தவர் இல்லை. நானும் அவரும் பிற்பகலில் ஒரு பள்ளிக்கூடத்தைத் துப்புரவு செய்யும் வேலை பார்த்தோம். அந்த வேலையை எடுத்துத் தந்தவரே அவர்தான். என் இரண்டாவது பிள்ளை பிறந்தபோது தாயும் சகோதரியும் இல்லாத இந்த ஊரில், என் குசினியில் நின்று பிள்ளை பெற்றவளுக்கான சரக்கு அரைத்துக் கறி வைத்துத் தந்தவரும் அவர்தான். ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம், இரண்டு வாளி, வகுப்பறைகளுக்கு நடுவே ஒரு நீளமான நடை. நாங்கள் கதைக்காத விஷயம் கிடையாது.

அந்தக் காலத்தில் அக்கா வீடு தேடிக்கொண்டிருந்தார். மூன்று பிள்ளைகள், இரண்டு அறை. பேப்பரில் விளம்பரம் பார்த்துத் தொலைபேசி எடுப்பார். இவருடைய ஜெர்மனைக் கேட்டதும் வீடு போய்விட்டது என்பார்கள்.

"இண்டைக்கும் ஒண்டு போட்டுது பிள்ளை. நான் 'ஹலோ' எண்டு சொல்லி முடியேல்லை, வீடு முடிஞ்சுது" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே தரையைத் துடைப்பார்.

நானும் சிரித்தேன். நாலு அறை வீட்டைக் காலி செய்யப்போகிற நான், ஒரு சொல் சொன்னால் முடிகிற வேலையைச் சொல்லாமல், "எங்கையாவது அமையும் அக்கா" என்று ஆறுதல் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

இரண்டாவது மாதத்தில் வீட்டுக்காரர், சனிக்கிழமை புதிதாகக் குடிவருகிறவர்கள் வீடு பார்க்க வருவார்கள் என்று நேரம் குறித்து டெர்மின் தந்தார். காலையில் கறி சமைக்கவில்லை. ஜன்னலெல்லாம் திறந்து வைத்தேன். முதலில் ஒரு இளம் சோடி வந்து பல்கனியை அளந்துவிட்டுப் போனது. அடுத்த பெல்லுக்குக் கதவைத் திறந்தால், வீட்டுக்காரருக்குப் பின்னால் அக்காவும் அவர் புருஷனும் நிற்கிறார்கள். அக்கா கோயிலுக்குப் போகும் கோட்டுப் போட்டிருந்தார்.

"குட்டன் டாக்" என்று கையை நீட்டினார்.

அத்தனை வருடத்தில் நாங்கள் கைகுலுக்கியது அதுதான் முதல் தடவை. நானும் "குட்டன் டாக்" என்றேன். பின்னால் நின்ற என் கணவர், திறந்திருந்த ஜன்னலை இன்னும் திறக்கப் போனார்.

அக்கா ஜெர்மனிலேயே கேட்டார், அந்நியருக்குக் கொடுக்கிற மரியாதையோடு: "நீங்கள் ஏன் இந்த வீட்டை விட்டுப் போகிறீர்கள்?"

"நாங்கள் இங்கிலாந்துக்குக் குடிபெயர்கிறோம்" என்றேன்.

"அப்படியா. முடிவெடுத்து நீண்ட நாளாகிறதா?"

வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "இரண்டு மாதமாகிறது. ஒழுங்கான குடும்பம். எல்லாம் முறைப்படி முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள்."

என் வாழ்க்கையில் ஒரு பாராட்டு அப்படிச் சுட்டதில்லை.

அக்கா தலையை ஆட்டிவிட்டு அறை அறையாகப் பார்த்தார், முன்பின் வந்தறியாதவர் மாதிரி. பிள்ளைகளின் அறையில் நின்று, "இங்கே சுவரில் ஈரம் வருமா?" என்று கேட்டார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் முகட்டைப் பார்த்தார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"வராது" என்றேன்.

அக்கா தன் புருஷனுக்குக் கண் காட்டினார். இரண்டு பேருமாக அலுமாரியை ஒரு முழம் தள்ளினார்கள். பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம். முந்திய மாரியில் அதை வினாகிரி போட்டுத் துடைத்ததே நானும் அக்காவும்தான். "இதைத் திருத்தித் தந்தால் நாங்கள் எடுக்கிறோம்" என்றார் வீட்டுக்காரரிடம். தொலைபேசியில் அக்காவின் ஜெர்மனைக் கேட்டு என்ன நினைத்திருந்தாரோ தெரியாது, நேரில் அவர் அசந்துபோனார். வந்தவர்களிலேயே இவர்தான் வீட்டைச் சரியாகப் பார்த்தவர் என்று எங்களிடமே சொன்னார்.

அக்கா எங்கள் வாசலில் எப்போதும் "வாறன் பிள்ளை" என்றுதான் விடைபெறுவார். அன்றைக்கு ஜெர்மனில் "அவுஃப் வீடர்சேன்" என்று சொல்லிப் படியிறங்கினார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது அவர் நடையின் மற்ற அந்தத்தில் தொடங்கியிருந்தார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு கிட்டப் போனேன்.

"அக்கா, இவர்தான் ஒருத்தருக்கும் சொல்லவேண்டாமெண்டவர். கண்ணூறு எண்டு..."

அக்கா தரை துடைக்கிற துணியைப் பிழிந்தார்.

"என்ரை கண்ணோ?"

நான் அழத் தொடங்கிவிட்டேன். அவர் அழவில்லை. "செவ்வாய்க்கிழமை வீட்டுக்காரர் போனிலை விலாசம் சொன்ன உடனையே எனக்கு விளங்கிட்டுது. சனிக்கிழமை வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தனான், நீ சொல்லுவாய் எண்டு" என்றார். பிறகு தன் பக்கத்துத் தரையைத் துடைக்கப் போய்விட்டார். நான் வேலையை விடும்வரை அந்த நடையில் ஆளுக்கு ஒரு பாதி.

வீட்டை ஒப்படைத்த நாளன்று சுவரெல்லாம் வெள்ளையாக இருந்தது. பூஞ்சணச் சுவரை வீட்டுக்காரர் சுரண்டிப் புதிதாகப் பூசியிருந்தார்; எங்களுக்கு ஏழு வருடம் செய்யாததை அக்காவுக்கு மூன்று கிழமையில் செய்தார். கதவுத் திறப்புகளை எண்ணி, இனி அங்கே குடியிருக்கப்போகும் அக்காவின் கையில் கொடுத்துப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தோம். வீட்டுக்காரர் போனபின், அக்கா ஒரு பையை என் கையில் திணித்தார். இடியப்பமும் சம்பலும், இன்னும் சூடாக இருந்தன. வழியில் பிள்ளைகளுக்குப் பசிக்கும் என்று, என்னைப் பார்க்காமல், பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்.

படியில் இறங்கும்போது பழக்கத்தில் வாய் முந்திவிட்டது.

"வாறன் அக்கா."

"வாறதெண்டா மூண்டு மாசத்துக்கு முந்திச் சொல்லிப்போட்டு வா" என்றார்.

சாமான் ஏற்றிய வான் வண்டியில் ஏறும்வரை என் கணவர் அதை நல்ல பகிடி என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார். அக்கா சிரிக்கவில்லை. மேலே கதவு பூட்டுகிற சத்தம் கேட்டது. கதவை இறுக்கிச் சாத்திவிட்டு இரண்டு தரம் திருப்பினால்தான் அந்தப் பூட்டு விழும். அவருக்கு அது ஏற்கெனவே தெரியும்.